கம்பியில்லா மேசைவாள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முன்னர் எம்மிடம் கல்வி கற்ற இளைஞர் ஒருவர் எம் இல்லத்துக்கு வந்தார். அவர் இப்போது தச்சுத் தொழில் செய்கிறார். புதிதாக எழும் வீடுகளுக்குக் கதவு, நிலை, யன்னல், மேற்றட்டுப் பலகை ஆகியவற்றைச் செய்து பூட்டுவது அவர் வேலை. தாயார் கட்டி வந்த சீட்டுக்காசு கைக்கு வந்திருந்தது. அக்காசைக்கொண்டு, வேலைத்தலத்துக்குத் தூக்கிச் செல்லக்கூடியதும் மின்கம்பி வேண்டாததுமான மேசைவாள் ஒன்று வாங்குவதென வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். நான்கைந்து வர்ணப் பிரசுரங்களை அவர் எம் முன் விரித்தார். அவற்றிலிருந்த ஆங்கில விவரங்களும் எண்களும் அவரைத் தடுமாறச் செய்திருந்தன.

"எத்தினை வோல்ற்று வாள் வாங்கினால் நல்லது, சேர்?" என்று கேட்டார்.

அவருடன் தந்தையாரும் வந்திருந்தார். ஊரில் எல்லாரும் ஓடாவியார் என்றே அழைக்கும் பெரியவர். அவருடைய இடக்கையிற் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியளவில் நின்றுவிட்டன. பல ஆண்டுகளுக்கு முன்னர், கைவட்டவாள் ஒன்றைக் கவிழ்த்துப் பலகைப் பெட்டியின் அடியிற் பொருத்தி, அதையே மேசைவாளாக்கி வேலை செய்தபொழுது நேர்ந்த விபத்து அது. அன்று முதல் உளியைச் செவ்வையாகப் பிடிக்க அவரால் இயலவில்லை. நுண்ணிய வேலைகள் கைவிட்டுப் போயின. குடும்பத்தின் வருமானமும் மகனின் படிப்பும் அவற்றோடு சேர்ந்து தளர்ந்ததை நாம் அக்காலத்திற் கண்டிருக்கிறோம்.

மகன் வோல்ற்றைப் பற்றிக் கேட்டபொழுது ஓடாவியார் ஒன்றும் பேசவில்லை. ஆயினும் அக்கேள்விக்கு மாத்திரம் விடை கூறி அவர்களை அனுப்பிவைக்க எமக்கு மனம் வரவில்லை. அன்று மூவருமாகப் பேசியவற்றையும், பின்னர் நாம் படித்தும் கணக்கிட்டும் அறிந்தவற்றையும் இவ்வாரம் நேயர்களுக்கு எழுதுகிறோம். வாள் வாங்கும் எண்ணம் இல்லாத நேயர்களும் இதனைப் படிக்கலாம். பெருந்தொகை கொடுத்து ஓர் இயந்திரத்தை வாங்கும்பொழுது எதனை முதலிற் பார்க்க வேண்டும் என்பது எல்லா வீடுகளுக்கும் பொதுவான கேள்வி. மாணவர்களோ, தாம் வகுப்பிற் கற்கும் பௌதிகம் தச்சுப் பட்டறைக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதைக் காண்பார்கள்.

மேசைவாள் என்பது யாது?

கைவட்டவாளில் மரம் அசையாது கிடக்கும். வாளைக் கையிற் பிடித்து நாம் நகர்த்துவோம். மேசைவாளில் இதற்கு மாறு. வட்டமான வாள் ஒரு மேசையின் நடுவிலுள்ள பிளவினூடாக மேலெழுந்து ஒரே இடத்தில் நின்று சுழலும். பலகையை நாம் அதனை நோக்கித் தள்ளுவோம். மேசையின் மேல் வாளுக்குச் சமாந்தரமாக ஓர் உலோகச் சட்டம் இருக்கும். தொழிலாளர் இதனைப் 'பென்ஸ்' என்பார்கள். நாம் பக்கச்சட்டம் என்று கூறுவோம். பலகையின் ஒரு விளிம்பை இச்சட்டத்தோடு அணைத்துத் தள்ளினால், எட்டடி நீளப் பலகையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலத்தில் அரிந்து வரும். ஒரே அளவான நாற்பது சட்டங்கள் வேண்டுமானால் நாற்பது முறை கோடு கீறத் தேவையில்லை. மேசைவாளின் பெருமை இதுவே.

மரக்காலையிலும் பெரிய பட்டறையிலும் உள்ள மேசைவாள்கள் நிலத்தோடு பூட்டப்பட்டவை. வேலைத்தலத்துக்கென ஆக்கப்பட்டவை சிறியவை, ஒருவர் தூக்கக்கூடியவை. இவற்றிற் பெரும்பாலானவை கம்பிவழி மின்சாரம் பெறுவன. கழற்றி மாட்டும் மின்கலவடுக்கினால், அதாவது பற்றரியினால், இயங்குபவை அண்மைக்காலத்தவை.

இலிதியம் அயன் மின்கலம் 1991 இல் வர்த்தகச் சந்தைக்கு வந்தது. அதனை உருவாக்கிய ஆய்வுகளுக்காகக் குட்இனஃப், விற்றிங்ஹாம், யோஷினோ என்னும் மூவருக்கும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. முதலில் அக்கலங்கள் சிறு கருவிகளுக்கே போதுமாயிருந்தன. மேசைவாள் போன்ற பெரும்பசி கொண்ட இயந்திரத்தை அவற்றால் இயக்கக் காலம் எடுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் டிவோல்ற் நிறுவனம் 2016 இல் அறிமுகப்படுத்திய புதிய மின்கலவடுக்கு வரிசையோடு இவ்வகை மேசைவாள் வேலைத்தலங்களுக்கு வந்தது. பின்னர் மில்வாக்கி, பொஷ் முதலிய நிறுவனங்களும் தத்தம் வாள்களை வெளியிட்டன.

கம்பி வேண்டாமா?

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, எந்த வாள் என்பதன்று. கம்பியில்லா வாள் நமக்குத் தேவைதானா என்பதே. ஒரே கொட்டிலில் இருந்து வேலை செய்பவருக்கும் சுவரில் மின்சாரம் உள்ளவருக்கும் கம்பியுள்ள வாளே இலாபம். விலை குறைவு, நாள் முழுவதும் ஓயாது ஓடும், ஆண்டுகள் சென்றபின் மாற்ற வேண்டிய மின்கலவடுக்கும் இல்லை.

எம் இளைஞரின் நிலை வேறு. கூரை ஏறி, நிலை வைக்கும் பருவத்தில் உள்ள வீடுகளிற் பலவற்றுக்கு மின் இணைப்பு வந்திராது. அயல்வீட்டிலிருந்து வளவைத் தாண்டிக் கம்பி இழுத்துத்தான் வேலை நடக்கும். இதில் ஒரு நட்டம் மறைந்திருக்கிறது. 50 மீற்றர் நீளமும் 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் உடைய செப்புக் கம்பி வழியாக 9 அம்பியர் மின்னோட்டம் சென்றால், போகவும் வரவுமாக 15 வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே கழிந்துவிடும். வாள் சோர்ந்து ஓடும், மோட்டார் சூடேறும், தரையிற் கிடக்கும் கம்பி காலைத் தடக்கும். மின்பிறப்பாக்கி வைத்துக்கொள்ளலாமெனின், அதற்கு எரிபொருள் வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டதையும், எரிபொருளுக்காக வீதியோரம் வரிசையில் நின்றதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, வீட்டில் இரவில் மின்னேற்றிக் காலையில் வேலைக்கு எடுத்துச் செல்லும் வாள் அவருக்குப் பொருத்தமே என ஏற்றுக்கொண்டோம்.

வோல்ற்றுக் குழப்பம்

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு பிரசுரத்தில் 18 வோல்ற்று என்றும், இன்னொன்றில் 20 என்றும், வேறொன்றில் 54 என்றும், மற்றொன்றில் 60 என்றும் அச்சிடப்பட்டிருந்தன. இவற்றிற் பெரியதே சிறந்தது என எண்ணுவது இயல்பு. ஆனால் 18 உம் 20 உம் ஒன்றே. 54 உம் 60 உம் ஒன்றே. இலிதியம் அயன் கலம் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ற்று, முழுவதும் மின்னேற்றிய நிலையிற் சுமை ஏதும் இல்லாதபொழுது ஏறக்குறைய 4 வோல்ற்று. ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் முதற் கணக்கில் 18, இரண்டாவது கணக்கில் 20. பதினைந்தை இணைத்தால் 54, அல்லது 60. ஒரே பொருளை ஒரு நாட்டில் ஓர் எண்ணாலும் வேறு நாட்டில் மற்றோர் எண்ணாலும் விற்கிறார்கள்.

மின்கலவடுக்கில் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்பதை அறிய, வோல்ற்றை அம்பியர்மணியாற் பெருக்க வேண்டும். கிடைப்பது வாற்றுமணி. 18 வோல்ற்றும் 12 அம்பியர்மணியும் உடையது 216 வாற்றுமணி தரும். 54 வோல்ற்றும் 3 அம்பியர்மணியும் உடையது 162 வாற்றுமணி தரும். வோல்ற்றிற் சிறியதாகத் தோன்றிய முதலாவதே சக்தியிற் பெரியது என்பதை மாணவர்கள் கவனிப்பார்களாக.

இந்தச் சக்தி எவ்வளவு வேலைக்குப் போதும்? கணக்கிற்காக, மரம் அரியும்பொழுது வாள் 1,000 வாற்று வீதம் உண்கிறது எனக் கொள்வோம். 162 வாற்றுமணி ஏறக்குறைய 10 நிமிடத்திற் தீர்ந்துவிடும். பத்து நிமிடந்தானா என்று இளைஞர் திகைத்தார். ஆனால் வாள் நாள் முழுவதும் மரத்தை அரிந்துகொண்டிருப்பதில்லை. பலகை ஒன்றை நீளவாட்டில் அரிய 20 செக்கன் சென்றால், அப்பத்து நிமிடத்துள் 30 பலகைகள் அடங்கும். இது மென்மரத்துக்குரிய கணக்கு. முதிரை, பாலை, வயது முதிர்ந்த பனை ஆகியவற்றை அரியும்பொழுது நேரமும் கூடும், வாள் உண்ணும் சக்தியும் கூடும். எண்ணிக்கை பாதியாகவோ அதனினும் குறைவாகவோ இறங்கும். நிறுவனங்கள் தம் விளம்பரங்களிற் காட்டும் நீளங்கள் பெரும்பாலும் மெல்லிய மரத்தகடுகளை அரிந்து பெற்றவை என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

ஒரு நாளில் எத்தனை பலகை அரிகிறீர் என்று இளைஞரைக் கேட்டோம். விரல் விட்டு எண்ணி, நாற்பதுக்குக் குறையாது என்றார். அப்படியாயின் ஒரு மின்கலவடுக்கு அவருக்குப் போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவது அடுக்கின் விலை அற்பமன்று. அதனை இப்பொழுதே கணக்கிற் சேர்க்காமல் வாளின் விலையை மட்டும் பார்த்தால், சீட்டுக்காசு முடிந்தபின் நடுப்பகலில் வேலை நின்றுவிடும்.

அளவுகள்

மின்கலவடுக்கால் இயங்கும் மேசைவாள்களிற் பல, ஏறக்குறைய 210 மில்லிமீற்றர் விட்டமுள்ள வாளையே கொண்டிருக்கின்றன. நேராக நிறுத்தி அரியும்பொழுது 64 மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள மரம் வரை செல்லும். 45 பாகை சரித்தால் அதனினும் குறையும். மூன்றங்குலத் தடிப்பான நிலைச்சட்டத்தை ஒரே முறையில் அரிய இவ்வாளால் இயலாது. பலகை, தட்டு, பட்டி, சட்டம் ஆகிய வேலைகளுக்கே இது உரியது. நிலைக்கு வேண்டிய கனமரத்தை மரக்காலையில் அரிந்து எடுத்து வருவதே முறை.

அடுத்தது, வாளுக்கும் பக்கச்சட்டத்துக்கும் இடையே திறக்கக்கூடிய அகலம். டிவோல்ற் நிறுவனத்தின் 210 மில்லிமீற்றர் வாளில் இது 610 மில்லிமீற்றர். இவ்வெண் தற்செயலானதன்று. கடையில் விற்கும் எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகையின் அகலம் 1,220 மில்லிமீற்றர். அதிற் பாதி 610. பலகையை நடுவாக இரண்டாக்க இவ்வகலம் போதும். இதனிற் குறைந்த அகலமுள்ள வாளை வாங்குபவர், அலுமாரிப் பக்கம் அரியும் நாளில் வருந்துவார்.

அதே வாளின் நிறை ஏறக்குறைய 22 கிலோகிராம். ஓட்டோவில் ஏற்றி இறக்கவும், ஒருவர் தூக்கி மாடிப்படி ஏறவும் இயலும். ஆயினும் இளைஞர் இன்று தூக்குவதை நாற்பது வயதிலும் தூக்க வேண்டியிருக்கும். கடையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தே வாங்க வேண்டும் என்றோம். வாளை வைக்கும் கால்கள் உறுதியாக நிற்கின்றனவா, மேடுபள்ளமான நிலத்தில் ஆடாதிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

பக்கச்சட்டமே உயிர்

இதுவரை கூறியவை யாவும் பிரசுரத்தில் அச்சிடப்பட்டவை. இனிக் கூறப்போவது அதில் இராது; கடைக்குச் சென்று கையாற் சோதித்தே அறிய வேண்டும்.

பக்கச்சட்டம் வாளுக்குச் சமாந்தரமாக நிற்கிறதா என்பதே அச்சோதனை. சட்டத்தின் பின்முனை வாளை நோக்கி ஒரு மில்லிமீற்றர் சாய்ந்திருந்தாலும், பலகை வாளின் பின்பாதியில் நெரிபடும். வாளின் முன்பற்கள் கீழ்நோக்கி வெட்டுகின்றன. பின்பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. நெரிபட்ட பலகையை அப்பின்பற்கள் கவ்வித் தூக்கி, தள்ளுபவரை நோக்கி எறிந்துவிடும். இதனைப் பின்னுதைப்பு என்போம். 210 மில்லிமீற்றர் வாள் நிமிடத்துக்கு 5,800 முறை சுழன்றால், அதன் பல்நுனி செக்கனுக்கு ஏறக்குறைய 64 மீற்றர், அதாவது மணிக்கு 230 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. அவ்வேகத்திற் பிடிபட்ட மரத்தைக் கையினால் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. பலகை பறந்து போவது மாத்திரமன்று; அதனை அழுத்திக்கொண்டிருந்த கை, தாங்குதல் இழந்து வாளின் மேல் விழுவதே பெரிய ஆபத்து.

ஓடாவியார் இவ்விடத்தில் வாய் திறந்தார். "அண்டைக்கு அவசரம், மாஸ்ரர். கடைசிப் பலகை எண்டு நினைச்சன்" என்றார். அவர் அரிந்த பெட்டியிற் பக்கச்சட்டமாக இருந்தது, இரண்டு பிடிகளால் நெருக்கப்பட்ட ஒரு பலகைத் துண்டு. அது பின்பக்கம் நழுவியதை அவர் கவனிக்கவில்லை. அவ்வளவுதான்.

சோதிக்கும் முறை எளிது. மின்கலவடுக்கைக் கழற்றிய பின்னர் வாளின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, அதனை முன்பக்கம் கொண்டுவந்து, அதிலிருந்து பக்கச்சட்டம் வரையுள்ள தூரத்தை அளக்க வேண்டும். பின்னர் அதே பல்லைப் பின்பக்கம் திருப்பி மீண்டும் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். பின்பக்கம் மயிரிழை அகன்றிருந்தாலும் பாதகமில்லை, ஒடுங்கியிருத்தல் ஆகாது. சட்டத்தை நகர்த்திப் பூட்டி, மறுபடி நகர்த்திப் பூட்டி, ஐந்து முறை இவ்வாறு அளந்து பார்க்க வேண்டும். ஐந்து முறையும் ஒத்து நிற்பதே நல்ல வாள். சட்டத்தின் முன்முனையையும் பின்முனையையும் பற்சக்கரத்தால் ஒருங்கே நகர்த்தும் அமைப்புள்ள வாள்களில் இந்தச் சமாந்தரம் எளிதிற் பிசகுவதில்லை.

வாளின் பின்னால் நிற்கும் தகடு

இரண்டாவது காவல், வாளை ஒட்டி அதன் பின்னால் நிற்கும் மெல்லிய உருக்குத் தகடு. அரிந்த பிளவு மீண்டும் மூடிக்கொள்ளாதபடி இது இடையில் நின்று தடுக்கும். மேலெழும் பின்பற்களையும் மரம் தொடாதபடி காக்கும். நல்ல வாள்களில் இத்தகடு வாளோடு சேர்ந்து உயரும், தாழும், சரியும். ஆகையால் எந்த அரிவுக்கும் பெரும்பாலும் அதனைக் கழற்றத் தேவை வராது. கழற்ற வேண்டிய அமைப்பாக இருந்தால், ஒருநாள் கழற்றியதை மறுநாள் எவரும் பூட்டுவதில்லை. இது மனித சுபாவம். எனவே, தகடும் வாளின் மேலுள்ள காப்புமூடியும் கருவி இன்றி எளிதிற் பூட்டக் கூடியனவா என்பதைக் கடையிலேயே செய்து பார்க்க வேண்டும். பூட்டச் சிரமமான காப்புமூடி பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடும்.

ஐக்கிய அமெரிக்காவில் மேசைவாள்களால் விரலிழப்போர் நாளொன்றுக்குப் பத்துப் பேரளவில் இருப்பதாக அந்நாட்டின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு 2011 ஆம் ஆண்டளவிற் கூறியது. இதற்கு ஒரு பரிகாரமும் அங்கேயே தோன்றியது. பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவரும் சட்டத்தரணியுமான ஸ்டீவன் காஸ் என்பவர், விரல் தொட்டவுடன் நின்றுவிடும் வாளை 1999 இல் உருவாக்கினார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்த மரம் அவ்வாறு கடத்தாது. வாளிற் சிறிய மின்சைகை ஒன்றை ஓடவிட்டால், தோல் தொட்ட கணத்தில் அச்சைகை மாறும். உடனே ஓர் அலுமினியத் துண்டு பாய்ந்து பற்களைக் கவ்வி, ஆயிரத்தில் ஐந்து பங்கு செக்கனுக்குள் வாளை நிறுத்திவிடும். விரலுக்குப் பதிலாக ஓர் இறைச்சிக் குழலை வாளில் வைத்து அவர் இதனைச் செய்து காட்டினார். 2004 முதல் இத்தகைய வாள்கள் விற்பனைக்கு வந்தன. ஆயினும் எம் இளைஞர் கொண்டுவந்த பிரசுரங்களில் இருந்த கம்பியில்லா வாள்கள் எவற்றிலும் இவ்வசதி இல்லை. அது கிடைக்கும் வரையில், பக்கச்சட்டமும் பின்தகடும் காப்புமூடியும் நமது பழக்கமுமே விரலுக்குக் காவல்.

பழக்கமும் ஒரு கருவி

பழக்கங்களுள் முதலாவதைக் கம்பியில்லா வாளுக்கென்றே கூற வேண்டும். கம்பியுள்ள வாளிற் செருகியைப் பிடுங்கிவிட்டால், அது கண்ணுக்குத் தெரியும். கம்பியில்லா வாளோ எப்பொழுதும் உயிரோடிருக்கிறது. வாள் மாற்றும்போதும், அளக்கும்போதும், துடைக்கும்போதும், தூக்கிச் செல்லும்போதும் மின்கலவடுக்கைக் கழற்றி, கண்ணுக்கெட்டிய இடத்தில் வைக்க வேண்டும். வேலைத்தலத்துக்கு வீட்டுக்காரரின் சிறுவர்களும் வருவார்கள் என்பதை மறக்கலாகாது.

வாள் மரத்துக்கு மேலே கால் அங்குல அளவு தெரிந்தாற் போதும். பக்கச்சட்டத்தின் துணையோ குறுக்குத்தள்ளியின் துணையோ இன்றி வெறுங்கையால் எதையும் அரியலாகாது. குறுகிய பட்டியை விரலால் தள்ளாமல் தள்ளுகோலால் தள்ள வேண்டும். வாளின் நேர்க்கோட்டில் நில்லாமல் சற்று விலகி நிற்க வேண்டும். கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் வாளருகே ஆகா.

மரத்தூளையும் அற்பமாக எண்ணலாகாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995 இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக வகைப்படுத்தியது. தூள் செல்லும் குழாய்வாயும், முகத்துக்குத் தகுந்த மூடியும், காதுக்கு அடைப்பும் வாளின் விலையோடு சேர்த்தெண்ண வேண்டியவை.

கடையிற் கேட்க வேண்டியவை

வெளிநாட்டிலுள்ள உறவினர் வாங்கி அனுப்புவதாகக் கூறினால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கும் மின்னேற்றிகள் பொதுவாக 120 வோல்ற்றுக்கு உரியவை. நமது 230 வோல்ற்றில் மாட்டினால் கருகிவிடும். மின்கலவடுக்கும் வாளும் பழுதில்லை. மின்னேற்றியை மாத்திரம் இங்கே பொருந்துவதாகப் பெற வேண்டும்.

விலைச்சீட்டிலுள்ள தொகை வெறும் வாளுக்கு மட்டுமா, மின்கலவடுக்கும் மின்னேற்றியும் அதில் அடங்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும். முன்பே வைத்திருக்கும் துளைகருவியின் மின்கலவடுக்கு இதற்கும் பொருந்துமாயின் செலவு குறையும். ஆனால் துளைகருவியின் சிறிய அடுக்கு, வாளை அதிக நேரம் இழுக்காது. தேய்ந்த பாகங்களும் புதிய அடுக்கும் ஐந்தாண்டு கழித்து இந்நாட்டிற் கிடைக்குமா என்பது, வாளின் வேகத்தினும் முக்கியமான கேள்வி. நீளவாட்டில் அரிய 24 பல்லளவுள்ள மெல்லிய வாளைப் பூட்டினால் மின்கலவடுக்கும் நீடிக்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அடுக்கை விட்டுவிடலாகாது.

முடிவு

இரு வாரங்களின் பின் தந்தையும் மகனும் கடைக்குச் சென்றனர். நாமும் உடன் சென்றோம். வலுக் கூடியதென விற்பனையாளர் புகழ்ந்த வாளையே மகன் முதலில் நாடினார். ஓடாவியார் தம் பையிலிருந்து மூலைமட்டத்தையும் உருக்கு அளவுகோலையும் எடுத்தார். பாதிவிரல்களால் அளவுகோலைத் தாங்கி, மகனைச் சட்டத்தை நகர்த்திப் பூட்டச் சொன்னார். ஐந்து முறை. மூன்றாம் முறையிலும் ஐந்தாம் முறையிலும் பின்பக்கம் ஒரு மில்லிமீற்றர் ஒடுங்கிற்று. வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதன் வலு முன்னதினும் சற்றுக் குறைவு, விலையும் குறைவு. ஐந்து முறையும் அது பிசகவில்லை. மிஞ்சிய காசில் இரண்டாவது மின்கலவடுக்கு வந்தது.

அது எந்த நிறுவனத்தின் வாள் என்று நாம் எழுதப் போவதில்லை. ஒரே பெயருடைய இரண்டு வாள்களும் ஒன்றுபோல் இராமற் போகலாம். அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். ஐந்து முறை அளந்து பாருங்கள். எத்தனை வோல்ற்று என்பதை அதன்பின் கேட்கலாம்.

முதல் நாள் வேலைக்கு வாளை ஏற்றும்பொழுது, தாம் வேம்பிற் செதுக்கிய தள்ளுகோல் ஒன்றை ஓடாவியார் மகனிடம் கொடுத்தாராம். கடைசிப் பலகைக்கும் இதை எடு என்று மாத்திரம் சொன்னாராம்.